நடுச்சுவர்

எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லைன் வீட்டில் வளர்ந்தவனுக்கு எந்த ஊரில் வீட்டைப் பார்த்தாலும் கண் முதலில் நடுச்சுவரைத்தான் தேடும். கோத்தகிரி பக்கத்து எஸ்டேட்டில், எங்கள் லைனில் அந்தச் சுவர் கூரை வரை எட்டாது. பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசனையிலும் சண்டையிலும் எங்களுக்குப் பங்கு உண்டு. இன்று வீட்டு பிளான் வரைந்து பிழைக்கிறேன். பழக்கம் மட்டும் போகவில்லை.

மகளின் பிரசவத்துக்காக அட்லாண்டா போயிருந்தோம். ஒருநாள் மருமகன் ஆபர்ன் அவென்யூவுக்கு அழைத்துப் போனார். மார்ட்டின் லூதர் கிங் 1929இல் பிறந்த வீடு அங்கே, 501ஆம் எண்ணில் இருக்கிறது. 1895இல் கட்டிய மரத்தாலான மாடி வீடு. எல்லோரும் அதைப் படம் எடுத்தார்கள். நான் எதிர்ச் சாரிக்குத் திரும்பிவிட்டேன்.

அங்கே ஒரே கூரைக்கு அடியில் இரண்டிரண்டாக ஒட்டு வீடுகள். நடுவில் பொதுச்சுவர்! ஷாட்கன் வீடு என்கிறார்கள். உள்ளே நடைவழி கிடையாது, அறைக்குப் பின்னால் அறை. வாசலில் துப்பாக்கியால் சுட்டால் குண்டு கொல்லை வழியாகப் போய்விடும் என்று இந்தப் பெயருக்குக் காரணமாக ஒரு கதை சொல்வார்கள். இந்த அமைப்பின் வேரை ஹைத்தி வழியாக மேற்கு ஆப்பிரிக்கா வரை கொண்டுபோகிறார் ஜான் மைக்கேல் விளாக் என்ற ஆய்வாளர். ஆனால் இந்த வரிசை 1905 வாக்கில் ஒரு ஜவுளி ஆலை தன் வெள்ளைத் தொழிலாளர்களுக்குக் கட்டியது. 1906 இனக் கலவரத்துக்குப் பிறகு அவர்கள் வெளியேற, கறுப்பினத்தவர் குடிவந்தார்கள்.

என்னை நிறுத்தியது இடைவெளிதான். எங்கள் எஸ்டேட்டில் லைனிலிருந்து துரை பங்களாவுக்கு மூச்சிரைக்க ஏற வேண்டும். இங்கே பாதிரியாரான கிங்கின் தாத்தாவின் மாடி வீட்டுக்கும் கூலிக்காரரின் ஒட்டு வீட்டுக்கும் நடுவே ஒரு தெரு. பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். கறுப்பராகப் பிறந்தால் பணக்காரரானாலும் வேறு தெருவில் வீடு கிடைக்காத காலம் அது.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் பிளானை வரைந்து காட்டினேன். முன்வாசலிலிருந்து கொல்லைவாசல் வரை விரலை நேராக இழுத்துப் பார்த்தாள்.

"அந்த ஊர் வெயிலுக்குச் சரி. இங்கே இப்படிக் கட்டியிருந்தால் மார்கழிக் காற்று அடுப்பையே அணைத்திருக்கும்" என்றாள்.