முதுகு எட்டாது

நவம்பர் 1, 2025, சனி

ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. சவூதியில், தம்மாமில் 21 வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தவனுக்கு இங்கே தேரூர் வீட்டில் பகல் முழுக்க என்ன செய்வதென்றே தெரியவில்லை. மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். மனைவி நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. மிச்சம் நானும் அப்பாவும். அப்பாவுக்கு 82. எங்களுக்குள் பேச்சு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது; "சாப்பிட்டாச்சா", "மழை வரும் போல", "கரண்ட் போச்சா", இந்த மூன்றை வைத்தே ஒரு நாளை ஓட்டிவிடுவோம்.

போன வாரம் மனைவி சும்மா பிபி பார்த்தாள். 150க்கு 96. மறுநாள் பார்த்தாள், அதேதான். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார். உப்பு ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராம். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேக நடை. ராத்திரி ஒழுங்கான தூக்கம். எழுந்து வரும்போது "உடம்பைக் கொஞ்சம் கவனிங்க" என்றார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் பண்ணாவிட்டால் மெஷின் போய்விடும் என்று எத்தனை வீட்டில் கத்தியிருப்பேன். எனக்கு ஒரு தடவைகூடப் பண்ணிக்கொண்டதில்லை. எழுதி வைத்தால்தான் செய்வேன் என்று மனைவி சொல்வதால் இந்த நோட்டு.

சரி, இன்றைக்கு. சனிக்கிழமை ஆம்பிளைகளுக்கு எண்ணெய் நாள் (புதனும் உண்டு, பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும்). அப்பா ஒரு சனிக்கிழமையும் விட்டதில்லை. கிணற்றடியில் முக்காலியைப் போட்டுக்கொண்டு, கோவணத்தோடு, பித்தளைக் கிண்ணத்தில் நல்லெண்ணெய். அதில் நாலு நல்லமிளகு போட்டு, அது பொட்டென்று வெடிக்கும் வரை சூடாக்கியிருப்பார். நான் தேங்காய் பொறுக்கத்தான் பின்பக்கம் போனேன். "எண்ணெய் மிச்சம் கெடக்கு, வேணும்னா தேச்சுக்கோ" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே. உட்கார்ந்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். தோள் மினுங்குகிறது, கை கால் எல்லாம் மினுங்குகிறது, நடு முதுகில் மட்டும் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெயே படாமல் சாம்பல் பூத்த மாதிரி கிடந்தது.

"அங்க தேய்க்கலயா?"

"எட்டாது மக்கா. உங்கம்மா தேச்சு விடுவா."

அம்மா போய் ஆறு வருடம். ஆறு வருடம் என்றால் 300 சனிக்கிழமைக்கு மேல். நான் எதுவும் சொல்லாமல் கையில் எண்ணெயை ஊற்றி முதுகில் வைத்தேன். அப்பாவைக் கடைசியாகத் தொட்டது எப்போது என்று யோசித்தால், ஏர்போர்ட்டில் பெட்டியை வாங்கும்போது கை பட்டிருக்கும், அவ்வளவுதான். முதுகெலும்பு ஒவ்வொரு கணுவும் கையில் தட்டுப்பட்டது. இடது தோளுக்குக் கீழே ஒரு மச்சம் இருக்கிறது, எனக்கும் அதே இடத்தில் உண்டு, இது இன்றைக்குத்தான் தெரிந்தது. அஞ்சு நிமிடம் இருக்கும். அப்புறம் அவர் "திரும்பு" என்றார்.

தண்ணீர் ஊற்றும்போது அப்பா வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். கேட்டால், மலையாள வாய்ப்பாடு! சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் படித்ததாம், ஒரு வாய்ப்பாடு முடிந்தால் குளியல் முடிந்த கணக்கு. 1956இல் இதே நவம்பர் 1ஆம் தேதிதான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனது. அப்பாவுக்கு அன்றைக்கு 13. "ஜில்லா மாறிப் போச்சு, வாய்ப்பாடு மாறல" என்றார். மூன்று மாதத்தில் என்னிடம் அவர் பேசிய மிக நீளமான பேச்சு.

நவம்பர் 3, திங்கள்

நடை. காலை ஐந்தே முக்காலுக்குக் குளத்தங்கரை. டாக்டர் சொன்ன வேகத்தில் போனால் மூச்சு வாங்குகிறது. அப்பாவும் வருகிறேன் என்று கிளம்பினார். அவர் வேகத்தில் போனால் நடை இல்லை, ஊர்வலம். கடைசியில் ஒரு ஏற்பாடு: போகும்போது நான் வேகமாக முன்னால் போவது, மதகுப் பக்கம் அவருக்காக நிற்பது, திரும்பும்போது சேர்ந்து வருவது.

காத்து நின்ற நேரத்தில்தான் குளத்தையே பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். பதினைந்து இருபது கூழைக்கடா, கொஞ்சம் தள்ளி மஞ்சள் மூக்கு நாரைகள் ஒற்றைக் காலில். சுசீந்திரம், தேரூர் குளங்களை 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். அதை நான் தம்மாமில் ரூமில் படுத்துக்கொண்டு போனில் படித்து, ரூம்மேட்டுகளிடம் எங்க ஊர்க் குளம் எங்க ஊர்க் குளம் என்று பீற்றிக்கொண்டேன். கவிமணி பிறந்த ஊர் என்று பீற்றுவது போதாது என்று இது வேறு. அப்பாவுக்கு அந்தப் பட்டியல் எல்லாம் தெரியாது. அவருக்கு இது கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) வயலுக்குத் தண்ணீர் விடுகிற குளம். வயலைப் பாட்டத்துக்குக் கொடுத்துப் பல வருடம் ஆகியும் வரப்பில் நின்று யாரோ நட்ட நாற்றைப் பார்த்து "தண்ணி கூடுதலா நிக்கி" என்று கவலைப்படுகிறார்.

நவம்பர் 5, புதன்

உப்பு. இதைப் பற்றி எழுதவே பிடிக்கவில்லை. நெத்தோலிக் கருவாடு போச்சு. ஊறுகாய் போச்சு. பப்படத்தில் இவ்வளவு உப்பு இருக்கும் என்று யார் கண்டது. ராத்திரிக்குக் கஞ்சியும் காணத் (கொள்ளு) துவையலும் என்று முடிவாகியிருக்கிறது. துவையலில் உப்பைக் குறைத்துப் புளியும் வத்தல் மிளகாயும் கூட்டி அரைத்தால் நாக்கை ஓரளவு ஏமாற்றலாம். ஓரளவுதான்.

நவம்பர் 8, சனி

இரண்டாவது எண்ணெய். இந்தத் தடவை அவர் இரண்டு முக்காலி எடுத்துப் போட்டிருந்தார்.

தம்மாமில் எண்ணெய்க் குளியல் என்று ஒன்றை நான் முயற்சி செய்ததே இல்லை. ஆறு பேருக்கு ஒரு பாத்ரூம், ஆளுக்குப் பத்து நிமிடம். அதைவிட, கோடைக்காலத்தில் மொட்டைமாடி டேங்கில் இருந்து வருகிற தண்ணீர் கை வைக்க முடியாத சூடு. ராத்திரியே பக்கெட்டில் பிடித்து வைத்து, காலையில் ஆறிய பிறகு குளிப்போம். பச்சைத் தண்ணீருக்காக ராத்திரி முழுக்கக் காத்திருந்த கதையை அப்பாவிடம் சொன்னேன். முதுகு பக்கமாக உட்கார்ந்திருந்தால் சொல்ல முடிகிறது, நேருக்கு நேர் உட்கார்ந்தால் இதெல்லாம் வாயில் வராது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதுனதே இல்லியே" என்றார். எழுதினால் அம்மா அழுவாள் என்று எழுதவில்லை. அப்பாவும் படிப்பார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

குளித்துவிட்டு வந்தால் கண் சொருகுகிறது. ஆனால் எண்ணெய் தேய்த்த அன்றைக்குப் பகலில் தூங்கக் கூடாது என்பது சட்டம். ஏன் என்று கேட்டால் "தூங்கக் கூடாதுன்னா தூங்கக் கூடாது." நல்லமிளகு ரசமும் சோறும் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் திண்ணையில் ஒருவர் தூங்காமல் ஒருவர் காவல். நான் தலை சாயும்போதெல்லாம் "லேய்" என்று ஒரு குரல். மூன்று மணிக்குப் பார்த்தால் காவல்காரர் வாயைத் திறந்துகொண்டு குறட்டை.

ராத்திரி ஒன்பதரைக்குப் படுத்தேன், காலை வரை ஒரு முழிப்பும் இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

மனைவிக்கு ராத்திரி டியூட்டி வாரம். காலை எட்டரைக்கு வந்தாள், கால் இரண்டும் செருப்புப் பட்டை பதிந்து வீங்கிக் கிடந்தது. பக்கெட்டில் வெந்நீர் வைத்து, கல்லுப்பு ஒரு பிடி போட்டு, உள் திண்ணையில் வைத்தேன் (வாய்க்குப் போகாத உப்பு இப்படியாவது செலவாகட்டும்). "என்ன திடீர்னு" என்றாள். "சும்மா" என்றேன். சந்தேகத்தோடுதான் காலை விட்டாள். சுக்காப்பி போட்டு எடுத்து வருவதற்குள், கால் பக்கெட்டிலும் தலை சுவரிலுமாகத் தூங்கிவிட்டாள். எழுப்பவா வேண்டாமா என்று அப்பாவும் நானும் சைகையிலேயே பத்து நிமிடம் விவாதித்தோம். காப்பியை அப்பா குடித்துவிட்டார்.

நவம்பர் 15, சனி

இல்லை. மழை, அப்பாவுக்குச் சளி. ஜலதோஷத்தில் எண்ணெய் கூடாது. நான் மட்டும் தேய்க்கலாமே என்று கிண்ணத்தைச் சூடாக்கினேன், நடு முதுகு வந்ததும் கை நின்றுவிட்டது. துண்டில் எண்ணெயை நனைத்து இரண்டு கையாலும் குறுக்கே இழுத்துப் பார்த்தேன். துண்டு பாழானதுதான் மிச்சம். நடையும் இல்லை. சாயங்காலம் பப்படம் இரண்டு தின்றேன், பொய் எழுதக் கூடாது, நாலு.

நவம்பர் 20, வியாழன்

ராத்திரி தூக்கம் கெடுவதற்குக் காரணம் கண்டுபிடித்தாயிற்று. ரூம் குரூப். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அவர்கள் வேலை முடிந்து, சமைத்து, சாப்பிட்டு, அரட்டையை ஆரம்பிக்கும்போது இங்கே பதினொன்றரை. நான் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துச் சிரித்துக்கொண்டிருப்பேன். இன்றிலிருந்து ஒன்பது மணிக்குப் போன் அடுக்களையில் அரிசி டப்பாவுக்குள். முதல் ராத்திரி கை தலையணைக்கு அடியில் தேடிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பதிலாக, மதியம், அவர்களுக்குச் சாப்பாட்டு இடைவேளை வரும் நேரத்தில், ராஜபாளையத்துக்காரரைக் கூப்பிட்டேன். என் கீழ்க் கட்டிலில் 11 வருடம் படுத்தவர். "என்ன ஓய், ஆள் செத்துட்டீரோன்னு நினைச்சோம்" என்றார். இருபது நிமிடம் பேசினோம். குரூப்பில் இத்தனை மாதம் சிரித்த சிரிப்பில் அவருடைய அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நடந்தது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

நவம்பர் 22, சனி

எண்ணெய். அப்பாவுக்குச் சளி போய்விட்டது. செம்பருத்தி இலையைக் கல்லில் தேய்த்து நுரை எடுத்துத் தலைக்கு வைத்தார், என் தலைக்கும். இருக்கிற முடிக்கு இது தேவையா என்றேன். "இருக்கதாவது இருக்கட்டும்."

டிசம்பர் 3, புதன்

நேற்று வரை மழை, எழுத நேரமில்லை என்பது சும்மா, சோம்பல்தான்.

இன்றைக்குக் கோட்டாறு சவேரியார் திருவிழாவும் திருக்கார்த்திகையும் ஒரே நாளில். எங்கள் தெருவில் பாதி வீடு தேர் பார்க்கப் போயிற்று, மீதி வீடு கொழுக்கட்டைக்கு ஓலை வெட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணாச்சி பனங்குருத்தோலை ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தார். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டில், மைனி, அவர் மனைவி, போன வருடம் தவறிப்போனார். ஓலையைத் தந்துவிட்டுப் போகாமல் நின்றார். மனைவி, "உக்காருங்க அண்ணாச்சி, ஓலை கட்ட ஆள் வேணும்" என்றாள். பச்சரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்த்துருவல், வறுத்த சிறுபயறு, கொஞ்சம் சுக்கும் ஏலமும். பிசைந்ததை ஓலைக்குள் வைத்து, இன்னொரு ஓலையால் மூடிக் கட்டி, ஆவியில் வைக்க வேண்டியது. அண்ணாச்சி கட்டியது ஒன்றுகூட அவிழவில்லை. நான் கட்டியதில் பாதி இட்லிப் பானைக்குள்ளேயே வாயைப் பிளந்துவிட்டது. வெந்த குருத்தோலை வாசம் வீடு முழுக்க. அதை 21 கார்த்திகை நான் போனில் படமாகத்தான் பார்த்தேன், படத்தில் வாசம் கிடையாது.

அண்ணாச்சி ராத்திரி ஒன்பது வரை இருந்தார். சனிக்கிழமை எண்ணெய் விஷயத்தை அப்பா அவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 5, வெள்ளி

பிபி 138க்கு 88. மனைவி இரண்டு தடவை பார்த்தாள். உடனே கருவாடு கேட்டேன். முறைத்தாள்.

டிசம்பர் 6, சனி

காலை ஏழு மணி. கிண்ணத்தில் மிளகு வெடிக்கிற சத்தம் கேட்டுப் பின்பக்கம் போனேன். அப்பா உட்கார்ந்திருந்தார். கிணற்றடிச் சுவருக்கு அந்தப் பக்கம் டிரைவர் அண்ணாச்சி, தோளில் துண்டு, கையில் சொந்தமாக ஒரு எண்ணெய் பாட்டில்.

"தம்பி, எனக்கும் முதுகு எட்டல" என்றார்.

முக்காலி இரண்டுதான் இருந்தது. நான் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். முன்னால் அப்பா, அவருக்குப் பின்னால் அண்ணாச்சி, கடைசியில் நான். அப்பா தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தார்.

"அப்போ உனக்கு யாரு மக்கா தேய்ப்பா? எல்லாரும் வட்டமா உக்காருங்க."