வந்தது வந்தோம்

மே 1, வியாழன்

ஊருக்கெல்லாம் மே தின லீவு, மாங்காய் மண்டிக்கு மட்டும் இல்லை. செந்தூரா வரத்து ஆரம்பித்துவிட்டது, பீத்தரும் பின்னாலேயே வருகிறது. விடியற்காலை போன இவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது பெரியவன் காலண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலிலேயே மறித்தான். "அப்பா, வொண்டர்லா எப்போ?" பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் இருக்கிற ராட்டினப் பூங்காவைத்தான் கேட்கிறான். சின்னவள் பக்கவாத்தியம்.

ஒரு வழியாக 13, 14 என்று தேதி வாங்கிவிட்டோம். செவ்வாய், புதன். வார நாளில் கூட்டம் கொஞ்சம் குறைவாக இருக்கும். அன்றைக்கு லோடும் மதியத்தோடு ஏறிவிடும் என்கிறார்.

இவர் கணக்கு வேறு. புதன்கிழமை விடியலில் கிளம்பி, பார்த்துவிட்டு, ராத்திரியே வீடு. "எதுக்கு ஒரு நாள் ரூம் வாடகை?"

நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு பூங்காவுக்கு இப்படித்தான் போனோம். மறக்கக் கூடாது என்று எழுதி வைக்கிறேன். மூன்றரை மணிக்கு எழுந்தது. சின்னவள் வழி நெடுக வாந்தி. டிக்கெட் வாங்கி உள்ளே நுழையும்போதே மாமியாருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. மதியம் மூன்று மணிக்குப் பெரியவன் சிமெண்டு பெஞ்சில் படுத்துத் தூங்கிவிட்டான். ராட்டினம் சுற்றுகிற சத்தத்தில் அப்படி ஒரு தூக்கம். வீடு வந்தபோது மணி ஒன்று. யாரும் யாரோடும் பேசவில்லை.

அதனால் இந்த முறை செவ்வாய் மதியமே கிளம்புவது, சாயங்காலம் பிடதியில் இறங்குவது, இறங்கிய பிறகு ஒன்றுமே செய்யாமல் படுத்துத் தூங்குவது. மறுநாள் வாசல் திறக்கும்போது உள்ளே. இவர் சரி என்றார். ஆனால் அந்த 'ஒன்றுமே செய்யாமல்' அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மே 4, ஞாயிறு

கத்திரி இன்று ஆரம்பம். பதினொரு மணிக்கே தார் ரோடு மினுமினுக்கிறது. வெளியே போக வழியில்லாமல் எல்லோரும் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து வழியைப் பேசினோம். கிருஷ்ணகிரி டோல்கேட், சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி. எலக்ட்ரானிக் சிட்டியில் நைஸ் ரோடு ஏறினால் பெங்களூருக்குள் தலை காட்டாமல் மைசூர் ரோட்டில் போய் இறங்கிவிடலாம். மொத்தம் 120 கிலோமீட்டர் சுமாருக்கு. ஓசூர் தாண்டி ஆபீஸ் நெரிசல் தொடங்குவதற்கு முன் கடந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன்.

மாமியார்தான் தொடங்கி வைத்தார். "ஓசூர் வழியாத்தானே போறோம். வந்தது வந்தோம், மலைமேல சந்திரசூடேஸ்வரருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிடலாம்."

உடனே இவர். "சிங்கேன அக்ரஹாரம் பழ மார்க்கெட்டும் போற வழியிலதான் இருக்கு. வந்தது வந்தோம், ஒரு எட்டு போய் ரேட் என்னன்னு பார்த்துட்டு வந்துடறேன். பத்தே நிமிஷம்." மாங்காய்க்காரரின் பத்து நிமிடம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

சின்னவளுக்குச் சென்னப்பட்டணா பொம்மை. வெப்பாலை மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றுகிற பொம்மைகள், அவளுடைய டீச்சர் மேசையில் ஒரு யானை இருக்கிறதாம். பிடதிக்கு அப்பால் ராமநகரமும் தாண்டிப் போக வேண்டும். மறைப்பானேன், என் மனதிலும் சிக்பேட்டையில் ஒரு புடவைக் கடை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எங்கள் வீட்டில் கெட்டுப்போன டூர்களை எண்ணிப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் இந்த 'வந்தது வந்தோ'மைச் சொல்லியிருக்கிறார். பழனிக்கு என்று போய், வந்தது வந்தோம் என்று கொடைக்கானல் ஏறி, ஸ்வெட்டர் இல்லாமல் மாமனார் மாற்று வேட்டியைப் போர்த்திக்கொண்டு ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்த போட்டோ இன்னும் ஆல்பத்தில் இருக்கிறது.

புதன் ராத்திரியும் அங்கேயே தங்கி வியாழக்கிழமை திரும்புவது என்று வைத்து, கோயிலை அன்றைக்கு மாற்றினேன். சாமியை வேண்டாம் என்று சொல்ல முடியாது, நாளைத்தான் மாற்றலாம். பொம்மையும் அன்றைக்கே. மார்க்கெட் ரேட்டுக்குப் போன் இருக்கிறது. சிக்பேட்டையைப் பற்றி நான் வாயே திறக்காததால் அதை ரத்து செய்ய வேண்டிய அவசியம் வரவில்லை.

மே 6, செவ்வாய்

பெரிய ரைடுகளுக்கு 140 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். சமையலறைக் கதவு நிலையில் நிற்க வைத்து அளந்ததில் பெரியவன் 138.5. முகம் விழுந்துவிட்டது. ஆயாவிடம் போய்ப் புகார் சொன்னான். அவர் தன் பங்குக்கு, "காலையில எழுந்ததும் அளந்து பாருடா, கூட இருப்ப" என்றார்.

கிழவி கதை என்று நினைத்தேன். ஆனால் நிஜம்தான். முதுகெலும்புக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற தட்டுகள் நாமெல்லாம் நின்று நடக்க நடக்க அமுங்குகின்றன. ராத்திரி படுத்தால் நீர் ஏறிப் பழையபடி உப்புகின்றன. காலைக்கும் மாலைக்கும் ஒரு செ.மீ. அளவுக்கு வித்தியாசம் வரும். இன்று காலை பாயிலிருந்து நேராகக் கதவு நிலைக்கு வந்தான். 139.5.

"அப்போ முந்தின நாளே போய் நல்லா தூங்கணும்மா."

என் திட்டத்துக்கு வீட்டில் கிடைத்த முதல் ஓட்டு.

மே 9, வெள்ளி

தங்குமிடம் முடிவாகிவிட்டது. பூங்காவை ஒட்டியே அவர்களுடைய ரிசார்ட் இருக்கிறது. ஆறு பேருக்குக் கணக்குப் போட்டதும் மூடி வைத்துவிட்டேன். மைசூர் ரோட்டோரம் ஒரு சின்ன விடுதியில் இரண்டு அறை. போனில் அந்தத் தம்பி அரைக் கன்னடமும் அரைத் தமிழுமாகப் பேசினான். கீழ்த்தளம்தானா, வெந்நீர் வருமா, பக்கத்தில் இட்லி கிடைக்குமா என்று கேட்டேன். "சைட் சீயிங்குக்குக் கார் வேணுமா மேடம்?" என்றான். வேண்டாம் என்றேன். "ஏன் மேடம், வந்தது வர்றீங்க..." அவனுமா!

டிக்கெட்டும் ஆன்லைனில் எடுத்தாயிற்று. அன்று காலை கவுண்டரில் நிற்கிற வேலை மிச்சம்.

சாயங்காலம் பழையபேட்டையில் பிள்ளைகளுக்கு நைலான் டிரஸ். தண்ணீர் ரைடுகளில் பருத்தித் துணியோடு இறங்க விட மாட்டார்கள். மாமியார் கேட்டுவிட்டு, "நான் புடவையோட கரையில உட்கார்ந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

மாமனார் மட்டும் இதுவரை எதுவும் கேட்கவில்லை. பாதுகாப்பா இருக்குமா என்று இன்று கேட்டார். இது வி-கார்டு ஸ்டெபிலைசர் கம்பெனி ஆரம்பித்தவருடைய பூங்கா என்றேன். 1977இல் ஸ்டெபிலைசர், 2000இல் கொச்சியில் முதல் பூங்கா, 2005இல் பிடதி. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மேலே அந்த ஸ்டெபிலைசர்தான் பத்து வருடமாக உட்கார்ந்திருக்கிறது. அதை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "வோல்டேஜை நிறுத்தத் தெரிஞ்சவன் ராட்டினத்தையும் நிறுத்துவான்" என்றார். சம்மதம்.

மே 11, ஞாயிறு

சந்தாபுரத்து அண்ணிக்கு விஷயம் போய்விட்டது. மாமியார்தான் சொல்லியிருப்பார், வேறு யார். காலையிலேயே போன்.

"என் வீட்டு வாசல் வழியா போவீங்க, உள்ள ஒரு வாய் காபி குடிக்க மாட்டீங்க, அப்படித்தானே?"

கோயிலை மாற்றலாம், மார்க்கெட்டைத் தள்ளலாம். நாத்தனார் வீட்டைத் தாண்டிப் போக முடியுமா? போகாமல் விட்டால் அடுத்த நாலு கல்யாணத்துக்கு அது பேச்சாக இருக்கும். போனால் காபி வடையாகும், வடை சாப்பாடாகும், எழுந்திருக்க எட்டு மணியாகும். அப்புறம் ஓசூர் ரோட்டு நெரிசலில் விடுதி போய்ச் சேர ராத்திரி பத்து. பெரியவனின் அந்த ஒரு செ.மீ. போயே போச்சு.

இவர் வாய் திறக்கவில்லை. அக்கா விஷயத்தில் எப்போதும் அப்படித்தான். கடைசியில் நானே திரும்பப் போன் போட்டேன். "அண்ணி, நாங்க உங்க வீட்டுக்கு வர்றதுக்குப் பதிலா நீங்க எங்ககூட வந்துடுங்க. சந்தாபுரம் பஸ் ஸ்டாப்ல நில்லுங்க, வண்டியில இடம் இருக்கு, ரெண்டு நாள் எங்ககூட இருங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நானா? ராட்டினத்துக்கா?" என்றார். குரலே மாறிவிட்டது. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. யாரும் அவரை இப்படி எங்கேயும் கூப்பிட்டதில்லை போலிருக்கிறது. காபி பேச்சு அதோடு முடிந்தது.

மே 12, திங்கள்

மூட்டை கட்டும் நாள். இந்த முறை ஒரு புது ஏற்பாடு செய்திருக்கிறேன். சாயங்காலத்துக்கு என்று தனியாக ஒரே ஒரு சின்னப் பை. ராத்திரி உடுப்பு, பிரஷ், மாமனார் மாத்திரை, சார்ஜர், பழம் நறுக்க ஒரு கத்தி. மற்ற பை எல்லாம் வண்டியிலேயே கிடக்கட்டும். போன இடத்தில் ஒரு துண்டைத் தேடி ஐந்து பையையும் கட்டிலில் கொட்டுகிற வேலை இருக்காது.

காவேரிப்பட்டணத்து நிப்பட்டு, அதாவது தட்டை, இரண்டு பொட்டலம். வைக்கோல் போட்ட பெட்டியில் செந்தூரா பதினைந்து.

மே 13, செவ்வாய், இரவு 9.50

விடுதித் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இரண்டு மணிக்குக் கிளம்புவதாக இருந்தது. லோடு ஏற லேட். மூன்று பத்துக்கு வண்டி எடுத்தோம். தெரிந்தவரிடம் வாங்கின இன்னோவா. அந்த வண்டி தயாராகிற பேக்டரி பிடதியில்தான் இருக்கிறது என்று இவர் சொன்னதும் மாமனார், "அப்போ இது பொறந்த வீட்டுக்குப் போகுது, தானா வேகம் எடுக்கும் பாரு" என்றார்.

ஓசூரில் மலை தெரிந்ததும் மாமியார் ஜன்னல் வழியாகவே கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. மார்க்கெட்டுக்குத் திரும்புகிற பக்கம் வந்ததும் வண்டி ஏனோ மெதுவானது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பின் சீட்டிலிருந்து பெரியவன், "அப்பா, என் முதுகெலும்பு!" என்று கத்தினான். வண்டி நேராகப் போனது.

அதற்கு முன்னாலேயே சந்தாபுரத்தில் அண்ணி ஏறியிருந்தார். புதுச் சுடிதார். நான் அவரைச் சுடிதாரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கையில் இரண்டு அடுக்குக் கேரியர். எலுமிச்சை சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு பொரியல். பிடதித் தட்டு இட்லிதான் ராத்திரிச் சாப்பாடு என்று நான் வைத்திருந்த திட்டம் அங்கேயே நாளைக் காலைக்குத் தள்ளிப்போனது. யோசித்தால் இதுதான் நல்லது. சாப்பாட்டுக்கு என்று யாரும் திரும்பச் செருப்பு மாட்ட வேண்டியதில்லை.

நைஸ் ரோட்டில் நெரிசலே இல்லை. மைசூர் ரோட்டில் இறங்கியதும் மட்டும் கவனம் வேண்டும். 2023இல் திறந்த எக்ஸ்பிரஸ் வே நடுவில் போகிறது. பேச்சு சுவாரசியத்தில் அதில் ஏறிவிட்டால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. பக்க ரோட்டிலேயே ஊர்ந்து வந்தோம்.

விடுதியில் ஒரு தகராறு. கீழ்த்தளம் என்று போனில் சொல்லிவிட்டு இரண்டு அறையும் மாடியில் வைத்திருந்தார்கள். லிஃப்ட் கிடையாது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. இருபது நிமிடம் நின்று பேசி ஒரு அறையைக் கீழே மாற்றினோம். மாமனார், மாமியார், அண்ணி கீழே, நாங்கள் மேலே. அந்த இருபது நிமிடமும் பிள்ளைகள் முற்றத்துத் தென்னை மரங்களைச் சுற்றி ஓடித் தீர்த்துவிட்டார்கள், அதுவரைக்கும் லாபம்.

சாப்பிட்டோம். பழம் நறுக்கினோம். மணி ஏழரைகூட ஆகவில்லை. அப்புறம்தான் கஷ்டம் தொடங்கியது. இவர் நாலு தடவை எழுந்து வாசல் வரை போய் வந்தார். மாமனார், "ஊர் எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வரட்டா?" என்றார். அண்ணி போனை எடுத்து, வைத்து, எடுத்தார். நானும்தான். சும்மா இருக்க வேண்டும் என்று பதிமூன்று நாளாகச் சண்டை போட்ட எனக்கே கை பரபரத்தது. நாளைய பையை ஒரு தடவை திறந்து மூடினேன்.

மாமியார்தான் வெற்றிலைப் பையிலிருந்து தாயக்கட்டையை எடுத்தார். கொண்டு வந்ததை யாரிடமும் சொல்லவில்லை. சின்னவளிடம் சாக்பீஸ் இருந்தது. திண்ணையில் கட்டம் போட்டு, நிப்பட்டைக் கிள்ளிக் காய் வைத்தோம். வெட்டுப்பட்ட காயை மாமனார் தின்றுவிடுகிறார். ஆட்டம் எண்ணிக்கை இல்லாமல் போனது. நேற்றுச் சித்ரா பௌர்ணமி. இன்று நிலா கொஞ்சம் தாமதமாகத் தென்னைக்குப் பின்னால் ஏறியது. இங்கே காற்று நம் ஊர் மாதிரி அனல் அடிக்கவில்லை. அண்ணி மூன்று தாயம் தொடர்ந்து போட்டுவிட்டு ஒரு சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார். இவர் தன் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவன் ஆட்டத்துக்கே வரவில்லை. எட்டரை மணிக்கே மேலே போய்த் தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுத்துவிட்டான். நேராகப் படுத்தால்தான் நீளுமாம்.

மே 14, புதன், காலை 6.10

எல்லோரும் தூங்குகிறார்கள். பால்காரர் மட்டும் வந்து போனார். பெரியவன் இன்னும் மல்லாக்கத்தான் கிடக்கிறான், இரண்டு கையும் பக்கத்தில் ஒட்டியபடி. எழுந்ததும் கால் தரையில் படுவதற்கு முன்னால் அளவு டேப்பைத்தான் கேட்பான். சாயங்காலப் பையைத் தேடிவிட்டேன், வண்டியில் இருக்கிற ஐந்து பையையும் தேடிவிட்டேன். டேப் கிருஷ்ணகிரியில், சமையலறைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.