குங்ஃபூ பாண்டாவை 58 அட்டைகளாகப் பிரித்துப் பார்த்தேன்

எட்டு நிமிட அனிமேஷன் கதை ஒன்று ஆறு மாதமாக என்னிடம் ஒரே இடத்தில் நிற்கிறது. சிலம்பம் கற்க வரும் ஒரு சிறுமி, கற்றுத்தர மனமில்லாத ஓர் ஆசான், கடைசியில் ஒரு சண்டை. ஐந்து முறை எழுதிவிட்டேன். ஐந்திலும் சிறுமி முதலில் பயப்படுகிறாள், முடிவில் பயப்படவில்லை. படித்துப் பார்த்த தங்கை, "நல்லாதான் இருக்குண்ணா" என்றாள். அந்தத் 'தான்' எதற்கு என்று எனக்குத் தெரியாதா என்ன.

சரி, ஏற்கெனவே ஓடுகிற ஒரு வண்டியைக் கழற்றிப் பார்ப்போம் என்று இறங்கினேன். எடுத்துக்கொண்டது 2008இல் வந்த குங்ஃபூ பாண்டா. டிரீம்வொர்க்ஸ் தயாரிப்பு, ஜான் ஸ்டீவன்சனும் மார்க் ஆஸ்போர்னும் சேர்ந்து இயக்கியது, 92 நிமிடம். அதிலும் கற்றுத்தர மனமில்லாத ஆசான், தகுதியே இல்லாத மாணவன், கடைசியில் சண்டை. என் கதைக்கு அண்ணன் முறை. பத்துப் பதினைந்து தடவை பார்த்துச் சிரித்து முடித்துவிட்ட படம் என்பதால் வேலையில் கவனம் வைக்க முடியும் என்றும் நினைத்தேன். (படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முடிவு உட்பட எல்லாம் வரும்.)

அட்டைக்குத் தனியாகச் செலவு செய்யவில்லை. வீட்டில் சேர்ந்திருந்த கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தைப் போஸ்ட் கார்டு அளவுக்கு வெட்டிக்கொண்டேன். மஞ்சள் தடவிய மூலைகளை மட்டும் ஒதுக்கிவிட்டேன், பேனா ஓடவில்லை. ஒரு காட்சிக்கு ஓர் அட்டை. ஒவ்வொன்றிலும் நான்கு வரி: யாருக்கு என்ன வேண்டும், யார் குறுக்கே நிற்கிறார், காட்சி முடியும்போது நிலைமை மாறியதா, யாராவது உள்ளுக்குள் மாறினார்களா.

முதல் நாளே ஒரு சின்னச் சிக்கல். கதாநாயகன் பெயர் போ. 'போ மாடிப்படி ஏறுகிறான்', 'போ அழுகிறான்' என்று தமிழில் எழுதினால் யாரையோ விரட்டுவது போலவே இருந்தது. அதனால் என் அட்டைகளில் அவன் வெறும் பாண்டா.

இரண்டு வாரத்தில், ராத்திரி ஒரு மணி நேரம் வீதம், 58 அட்டைகள் ஆயின. தரையில் வரிசையாகப் பரப்பி, நிமிர்ந்து நின்று பார்த்தேன். ரொம்ப அழகாக இருந்தது. அப்புறம் பழக்கதோஷத்தில் மின்விசிறியைப் போட்டேன்.

அட்டைகளுக்கு எண் போட்டிருக்கவில்லை.

திட்டிக்கொண்டே பொறுக்கினேன். ஆனால் மூன்று மாதம் திரைக்கதைப் புத்தகம் படித்துக் கிடைக்காத ஒன்று அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்தது. சில அட்டைகளை யோசிக்காமலேயே இடத்தில் வைக்க முடிந்தது, ஒன்று இல்லாமல் அடுத்தது நடந்திருக்காது. வேறு சில எங்கே வரும் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. பயிற்சிக் கூடத்தில் பாண்டா அடி வாங்கும் காட்சிகள் அப்படிப்பட்டவை. ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்தாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. சவுத் பார்க் தொடரின் ட்ரே பார்க்கரும் மாட் ஸ்டோனும் மாணவர்களிடம் சொன்ன ஒரு வழி இருக்கிறது: இரண்டு காட்சிகளுக்கு நடுவே 'அப்புறம்' வந்தால் கதை படுத்துவிட்டது, 'அதனால்' அல்லது 'ஆனால்' வந்தால் ஓடுகிறது. எனக்கு மின்விசிறியே அந்தச் சோதனையைச் செய்து கொடுத்துவிட்டது.

'அதனால்' சங்கிலியில் மிக இறுக்கமானது ஓர் இறகு. ஊக்வே என்ற ஆமைப் பெரியவர், டாய் லுங் என்ற பனிச்சிறுத்தை சிறையிலிருந்து தப்பி வருவதை மனக்கண்ணில் பார்த்துவிடுகிறார். அதனால் ஆசான் ஷிஃபு பதறிப்போய் ஜெங் என்ற வாத்தைச் சிறைக்கு அனுப்பி, காவலை இரட்டிப்பாக்கச் சொல்கிறார். உள்ளே வர ஒரே வழி, வெளியேற ஒரே வழி, ஆயிரம் காவலர்கள், ஒரே கைதி என்று காண்டாமிருகத் தளபதி பெருமையடிக்கிறான். அங்கே ஜெங்கின் இறகு ஒன்று உதிர்கிறது. அதனால் அந்த இறகை வைத்தே டாய் லுங் பூட்டைத் திறக்கிறான். தடுக்க எடுத்த முயற்சிதான் கதவைத் திறந்துவிட்டது. விதியைத் தவிர்க்கப் போகும் பாதையிலேயே அதைச் சந்திப்போம் என்கிற பொருளில் ஊக்வே முன்பே ஒரு வரி சொல்லிவிடுகிறார். வசனம் முதலில், நிரூபணம் பின்னால். நானாக இருந்தால் சிறை உடைந்த பிறகு அந்த வசனத்தை வைத்து, பார்வையாளருக்குப் பாடம் எடுத்திருப்பேன்.

மூன்றாவது வாரம் நான்காவது வரியை மட்டும் தனியாக எண்ணினேன். யார் உள்ளுக்குள் மாறுகிறார்? பாண்டாவின் பெயர்தான் நிறைய வரும் என்று பச்சைப் பேனாவெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். என் கணக்கில் பாண்டாவுக்கு வந்தது நான்கு அட்டை. ஷிஃபுவுக்கு 11.

நம்பாமல் மறுபடி எண்ணினேன். பாண்டா படம் தொடங்கும்போதே குங்ஃபூ மேல் உயிரை வைத்திருப்பவன். முடியும்போதும் அப்படித்தான். நடுவில் மெலியவில்லை, சாப்பாட்டை விடவில்லை, வாயைக் குறைக்கவில்லை. அவனிடம் மாறுவது ஒன்றே ஒன்று. அது மாடிப்படிக் காட்சியில் வெளியே வருகிறது. டாய் லுங் வருகிறான் என்று தெரிந்ததும் பாண்டா ஓடுகிறான், ஷிஃபு மறிக்கிறார். இத்தனை அவமானப்பட்டும் ஏன் இங்கேயே இருந்தாய் என்று கேட்கிறார். நீங்கள் அடித்ததும் திட்டியதும் வலித்தது, ஆனால் தினமும் நானாக இருப்பதைவிட அது அதிகம் வலிக்கவில்லை, என்னை நானில்லாதவனாக மாற்ற யாராலாவது முடியும் என்றால் அது உங்களால்தான் என்று நினைத்தேன் என்கிறான். முதல் தடவை பார்க்கும்போது இந்த இடத்தைக் கவனிக்காமல் அடுத்த நகைச்சுவைக்குக் காத்திருந்திருக்கிறேன். அட்டையில் எழுதும்போது பேனா நின்றுவிட்டது. அவன் கேட்பது பயிற்சியே இல்லை, தன்னிடமிருந்து விடுதலை. படம் அதைக் கடைசிவரை அவனுக்குத் தரவில்லை. அளவில்லாத சக்தி தரும் என்று எல்லோரும் நம்பும் டிராகன் சுருளைத் திறந்தால் உள்ளே எழுத்தே இல்லை, பளபளக்கும் பரப்பில் அவன் முகம்தான் தெரிகிறது. அப்பா மிஸ்டர் பிங்கின் சூப்பில் இருப்பதாகச் சொல்லப்பட்ட ரகசியப் பொருளும் ஒன்றுமில்லை. எந்த முகத்திலிருந்து தப்பிக்க வந்தானோ அதையே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

உண்மையில் தலைகீழாக மாறுவது ஷிஃபு. (சீனத்தில் ஷிஃபு என்றாலே ஆசான்தான், ஊக்வே என்றால் ஆமை. பெயர் வைக்க ரொம்ப மெனக்கெடவில்லை போலிருக்கிறது. ஆனால் டிராகன் சுருள் மறுக்கப்பட்ட டாய் லுங்கின் பெயருக்குப் பெரிய டிராகன் என்று பொருள், அதில் ஒரு குத்தல் இருக்கிறது.) அவருடைய காயத்தை அவர் வாயால் சொல்லவிடாமல் மாணவியான டைக்ரஸ் என்ற புலியின் வாயால் சொல்லவைத்ததுதான் எனக்குப் பிடித்த இடம். டாய் லுங்கைக் குட்டியிலிருந்து மகனாக வளர்த்தார், அவனுக்குச் சுருள் கிடைக்கும் என்று நம்பவைத்தார், ஊக்வே மறுத்தபோது பேசாமல் நின்றார். அதன்பிறகு யாரையும் அப்படி நேசிக்கவில்லை. இதைச் சொல்லும் டைக்ரஸ்தான் அந்த நேசம் கிடைக்காமல் வளர்ந்தவள். ஃபிளாஷ்பேக் சொல்பவருக்கே அதில் ஒரு வலி இருந்தால், தகவல் தகவலாகத் தெரிவதில்லை. அது கனத்துப்போகாமல் இருக்க, டைக்ரஸ் சொல்லி முடிக்கும்போது அக்குபங்சர் ஊசி ஏறிப் பாண்டாவின் முகம் கோணிக்கொள்கிறது.

நம் ஊர்க் கணக்கில் இன்டர்வெல் எங்கே விழும் என்று பார்த்தேன். ஏறக்குறைய நடுவில், பீச் மரத்தடியில் ஊக்வே விடைபெறும் இடம். விதையை எங்கே நடுவது, பழம் எப்போது விழ வேண்டும் என்பதெல்லாம் என் கையில்தான் என்று ஷிஃபு வாதாடுகிறார். நீ என்ன செய்தாலும் பீச் விதை பீச் மரமாகத்தான் வளரும் என்கிறார் ஊக்வே. அப்புறம் பூவிதழ்களோடு மறைந்துபோகிறார். வில்லன் தப்பிவிட்டான், பெரியவர் போய்விட்டார். ஷிஃபுவுக்கு இனி கேட்க ஆளில்லை. மறுநாள் சமையலறையில் பிஸ்கட்டுக்காக உயரத்தில் இருக்கும் அலமாரிக்கு ஏறி, காலை அகட்டி நிற்கும் பாண்டாவைப் பார்த்ததும்தான் அவருக்குப் பொறி தட்டுகிறது. இவனை டாய் லுங்காக வார்க்க முடியாது, சாப்பாட்டைக் காட்டினால் இவனாகவே பறப்பான்.

சண்டைகளைப் பற்றி ஒரு சந்தேகம் இருந்தது: அட்டையில் சண்டைக் காட்சிக்கு நான்காவது வரி தேவையா? அடி, உதை, முடிந்தது. டம்ப்ளிங் சண்டைதான் என் வாயை அடைத்தது. ஒரு கிண்ணம், குச்சிகள், கடைசியாக மிஞ்சிய ஒரே ஒரு கொழுக்கட்டை. (ஆமாம், கொழுக்கட்டை என்றே எழுதியிருக்கிறேன், அட்டைக்கு அது போதும்.) குருவும் சீடனும் அதற்காகப் பாறை பாறையாகத் தாவுகிறார்கள். ஒரு வசனம்கூட இல்லாமல் ஷிஃபு அவனைச் சமமாக நடத்தத் தொடங்குவது தெரிகிறது. ஜெயித்த பாண்டா, பசிக்கவில்லை என்று அதைத் தூக்கி அவரிடமே போடுகிறான். இதை மனதில் வைத்துக்கொண்டு கிளைமாக்ஸைப் பாருங்கள்: டாய் லுங்கோடு சுருளுக்காகத் தெருவெல்லாம் உருண்டு புரளுவது அதே விளையாட்டின் பெரிய வடிவம். கடைசி அடியான வூஷி விரல் பிடியும் அப்படித்தான். முதல் சந்திப்பில் ஷிஃபு அதே பிடியைப் பிடித்துப் பாண்டாவை மிரட்டியிருப்பார். விதைத்தது அங்கே, அறுத்தது இங்கே.

அதற்கு முன்பே ஷிஃபு டாய் லுங்கிடம் மன்னிப்பு கேட்டுவிடுகிறார். உன்மேல் வைத்த பெருமைதான் என் கண்ணை மறைத்தது என்கிற பொருளில். டாய் லுங்கின் முகம் ஒரு கணம் இளகி, மறுபடி இறுகுகிறது. எனக்கு மன்னிப்பு வேண்டாம், சுருள் வேண்டும். என்னைக் கேட்டால் படத்தின் உச்சம் இதுதான், பாண்டாவின் வெற்றி அதற்குப் பின் வரும் விருந்து. முடிவில் தரையில் கிடக்கும் ஷிஃபுவைப் பார்த்து இறந்துவிட்டாரோ என்று பாண்டா அலறுகிறான். நிம்மதியாக இருக்கிறேன் முட்டாளே என்று அவர் எரிந்து விழுகிறார். முன்னால் தியானத்தில் உட்கார்ந்து 'மன அமைதி' என்று முணுமுணுத்தபடி, சிறகடிக்கும் சத்தத்தைக்கூடத் தாங்க முடியாமல் கத்திய அதே ஆள்.

எல்லாமே பிரமாதம் என்று சொல்லமாட்டேன். டைக்ரஸுக்கு இவ்வளவு நல்ல காயத்தைக் கொடுத்துவிட்டு, நடுவில் கைவிட்டுவிட்டார்கள். பாலத்துச் சண்டையில் தோற்கிறாள், கொஞ்ச நேரம் காணவில்லை, கடைசியில் பாண்டாவை 'மாஸ்டர்' என்று அழைத்துக் குனிகிறாள். இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் அட்டை குறைகிறது. ஷிஃபுவின் மற்ற நான்கு மாணவர்களுக்கு அந்த அளவும் இல்லை. குரங்குக்குக் குரல் கொடுத்தவர் ஜாக்கி சான், அவர் மொத்தமாகப் பேசுவதை ஒரே அட்டையில் எழுதிவிடலாம்.

இப்போது என் கதை. நான்காவது வாரம் ஆறாவது தடவையாக எழுத உட்கார்ந்தேன். சிறுமியின் பயத்தைத் தூக்கிவிட்டேன். அவளுக்குச் சிலம்பம் வரும், ஆனால் யாரும் சொல்லிக்கொடுக்காத கோணல் வழியில் வரும், அவ்வளவுதான். மாறப்போவது ஆசான். தன் மகனுக்கு அளந்து வெட்டிய கம்பை அவர் எவருக்கும் தருவதில்லை. மகன் எங்கே போனான் என்று அவர் சொல்லமாட்டார், எதிர்வீட்டுக் கிழவி சொல்வாள், அவளுக்கும் அதில் ஒரு வருத்தம் உண்டு. (இதை எங்கிருந்து எடுத்தேன் என்று மேலே படித்தவர்களுக்குத் தெரியும்.)

தங்கை படித்தாள். "இப்ப அந்தத் தாத்தா நல்லா இருக்கார், ஆனா பொண்ணு எங்க?" என்று கேட்டாள். நியாயம்தான். ஷிஃபு பக்கம் மொத்தமாகச் சாய்ந்ததில், மாடிப்படிக் காட்சிக்கு ஈடாகச் சிறுமிக்கு ஒன்றும் வைக்காமல் விட்டிருக்கிறேன். மொத்தம் ஒன்பதே அட்டைகள், ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் நடுவே இன்னும் 'அப்புறம்' தான் இருக்கிறது. இந்த முறை அட்டைகளுக்கு எண் போட்டிருக்கிறேன். ஐந்தாவது மட்டும் எண்ணில்லாமல் கிடக்கிறது.