மாமாவின் மஞ்சள் தூளும் வின்னிபெக் ஹீட்டரும்

பொங்கலன்று காலை வண்டியில் ஏறியதும் மகள், "அப்பா, சர்க்கரைப் பொங்கல் வாசம் வருது" என்றாள். எனக்கும் வந்தது. வெல்லப்பாகு கொதிக்கும்போது எழுமே, அதே இனிப்பு. நாங்கள் இருப்பது கனடாவின் வின்னிபெக்கில். வெளியே மைனஸ் 31 டிகிரி. வேலைநாள் என்பதால் பொங்கலை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்திருந்தோம். அந்த வாசம் ஒரு கணம் என்னை நாமக்கல் வாசலில், விறகடுப்புக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அதற்குள் முன்கண்ணாடியில் படலம் கட்டியது. துடைத்தால் விரலில் பிசுபிசுத்தது.

வெல்லமாவது ஒன்றாவது. அது எத்திலீன் கிளைக்கால். எஞ்சினைக் குளிர்விக்க அதைச் சுற்றி ஓடும் திரவமான கூலன்டில் இருப்பது. இனிக்கும், ஆனால் விஷம். எஞ்சினில் சூடேறிய கூலன்ட் இரண்டு ஹோஸ் வழியாக டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்கு வரும். அதன் மேல் காற்றை ஊதித்தான் வண்டிக்குள் சூடு தருகிறார்கள். அந்தக் குட்டி ரேடியேட்டர்தான் ஹீட்டர் கோர். அது ஒழுகினால் ஆவி கண்ணாடியில் படியும், காலடிக் கம்பளம் நனையும், கூலன்ட் குறைந்துகொண்டே போய்க் கடைசியில் எஞ்சினே சூடேறிக் கெட்டுவிடும்.

பட்டறையில் கேட்டேன். பாகம் 90 டாலர், கூலி 1,100 டாலர் என்றார்கள். வீட்டு வாடகை கட்டிய வாரம் அது. சரி, நாமே பார்த்துவிடலாம் என்று மாமாவுக்கு போன் போட்டேன்.

மாமா நாமக்கல்லில் நாற்பது வருடமாக லாரிப் பட்டறை வைத்திருக்கிறார். "வண்டிக்குள்ள சூடு எதுக்கு கண்ணு?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அவர் கேட்பதும் நியாயம்தான். பழைய லாரிகளில் எஞ்சின் டிரைவர் பக்கத்திலேயே, கேபினுக்குள் இருக்கும். ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓட்டியவர்களைப் பார்த்தவர் அவர். நான் விளக்கியதும், "அப்ப ரேடியேட்டர் ஒழுக்குதான? மஞ்சத்தூள் ரெண்டு கரண்டி போடு, நின்னுடும்" என்றார். நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்ட லாரிக்காரர்களின் கைவைத்தியம். ஊர் போய்ச் சேரும்வரை தாங்கும். ஆனால் ஹீட்டர் கோரின் குழாய்கள் மிகவும் குறுகலானவை. துளை அடைபடுவதற்கு முன் கோரே அடைபட்டுவிடும். இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்துக் கோரை விட்டுவிடும் வழியும் உண்டு. ஆனால் ஹீட்டர் இல்லாமல் இங்கே ஜனவரியில் கண்ணாடியில் உறையும் பனியைக்கூடக் கரைக்க முடியாது. மாற்றியே ஆக வேண்டும்.

அந்த வாரம் முழுக்க பஸ். ஞாயிறு காலை, எஞ்சின் நன்றாக ஆறியிருக்க, கராஜுக்குள் ஒரு மின்சார ஹீட்டரை வைத்துக்கொண்டு இறங்கினேன். பாட்டரி கேபிளைக் கழற்றி, கூலன்டைப் பேசினில் பிடித்து, மூடி வைத்தேன். இனிப்புக்கு நாய் நக்கிவிடும். பல வண்டிகளில் டாஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும். என் மினிவேனில் டிரைவர் முழங்கால் பக்கப் பலகையை எடுத்தாலே கோர் பக்கவாட்டில் உருவி வரும். அதில் எனக்கு அதிர்ஷ்டம்.

இங்கே வந்து ஆறு வருடம், பழகிவிட்டது என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். பழகித்தான் இருக்கிறது. ராத்திரி எஞ்சின் குளிரில் விறைக்காமல் காக்கும் மின்சார ஹீட்டரின் வயரைப் பிளக்கில் செருகாமல் தூங்கப் போவதில்லை. ஆனால் ஸ்டீயரிங்குக்கு அடியில் தலைகீழாகக் கிடந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, எட்டாத ஒரு திருகைத் தடவிக்கொண்டிருந்தபோது மனசு கனத்துப் போனது. ஊரில் ஒரு டிவிஎஸ் ஃபிப்டி நின்றால்கூட நாலு பேர் கூடிவிடுவார்கள். ஒருவர் பிளக்கைக் கழற்று என்பார், ஒருவர் பெட்ரோல் இருக்கா பார் என்பார், எதிர்க் கடைக்காரர் கேட்காமலேயே ஸ்பேனரோடு வருவார். சின்ன வயதில் மாமாவுக்கு டார்ச் பிடிப்பது என் வேலை. வெளிச்சம் நகர்ந்தால் முழங்கையால் ஒரு இடி. இங்கே கராஜ் கதவுக்கு அந்தப் பக்கம் தெருவே இல்லாதது போல அமைதி. 1,100 டாலர் கூலி வலித்தது உண்மை. டார்ச் பிடிக்க ஆளில்லாதது அதைவிட வலித்தது.

மாமா வீடியோவில் வந்தார். நாமக்கல்லில் அப்போது ராத்திரி பதினொன்று. ஹோஸைப் பிடிக்கும் கிளாம்பை இறுக்கும்போது, "போதும் போதும், ரப்பர் கிழிஞ்சிடும்" என்று கத்தினார். புதுக் கோரை வைத்து, கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன். அந்தக் கலவை ஏறக்குறைய மைனஸ் 37 வரை உறையாது. புகை விஷம் என்பதால் கராஜ் கதவைத் திறந்து வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரை முழுசாக வைத்தேன். குழாய்களில் சிக்கியிருந்த காற்று குமிழ் குமிழாக வெளியேறியது. பத்து நிமிடத்தில் சூடான காற்று முகத்தில் அடித்தது. வாசமில்லாத, வெறும் சூடு.

"பழசைக் காட்டு" என்றார் மாமா. கேமரா முன் பிடித்தேன். பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பில் வெள்ளை பூத்த கசிவை அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். "தூக்கிப் போட்டுடாத கண்ணு. வரும்போது எடுத்துட்டு வா, பத்த வைக்க முடியுதான்னு பாக்கலாம்."

நன்றாகக் கழுவி, துணியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். ஜூலையில் டிக்கெட்.