பெயர் எழுதாத பதிவேடு

தன்பாலீர்ப்பு உள்ள ஆண்களுக்கும் பெண்களுக்குமான எங்கள் ஆதரவுக் குழுவின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாக எழுதித் தரும் வேலை 2022-இல் என்னிடம் வந்தது. சென்னையில் அந்தக் குழுவின் ஹெல்ப்லைனில் பத்து வருடம் உட்கார்ந்தவன் நான். ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கித் திறந்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

உள்ளே பதினோரு நீள நோட்டுகள். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி. "ஆ, 24. வீட்டில் பெண் பார்க்கிறார்கள். மறுபடி பேசுவார்." "பெ, 19. அழுகை மட்டும்." பெயர் கிடையாது, ஊர் கிடையாது. போனை எடுத்த தன்னார்வலரின் பெயர்கூட இல்லை. ஓரத்தில் 4, 7 என்று எண் மட்டும். இதை வைத்து யாருடைய வரலாற்றை எழுதுவது? போதாததற்கு, பழைய நோட்டுகளில் பல பக்கங்கள் கிழிக்கப்பட்டிருந்தன.

கிழித்தவரையே பிடித்துக் கேட்டேன். இப்போது அவருக்கு அறுபது வயதிருக்கும். "2001 லக்னோ ஞாபகம் இருக்கா?" என்றார். அந்த ஜூலையில் அங்கே எய்ட்ஸ் தடுப்பு வேலை செய்துவந்த அமைப்புகளின் ஊழியர்களைப் போலீஸ், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆவது சட்டப் பிரிவில் கைது செய்தது. அலுவலகத்தில் இருந்த விழிப்புணர்வுப் பொருட்களை ஆபாசம் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனது. அவர்கள் வெளியே வர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆனது. "அந்தச் செய்தியைப் படிச்ச அன்னைக்கு ராத்திரியே, பேர் இருந்த பக்கத்தையெல்லாம் கிழிச்சுட்டேன். அதுக்கப்புறம் யாரும் பேர் எழுதல" என்றார். அதற்கு மேல் எனக்குக் குறை சொல்ல வாய் வரவில்லை.

எங்களுக்கு முந்தியவர்களிடம் போன்கூடப் பெரிதாக இல்லை. பம்பாயில் 1990-இல் அசோக் ராவ் கவி தொடங்கிய 'பம்பாய் தோஸ்த்' பத்திரிகை, 1991-இல் டெல்லியில் பெண்களுக்கென்று வந்த சகி குழு, 1993-இல் கல்கத்தாவின் கவுன்சல் கிளப். அந்தக் காலத்தில் ஆதரவுக் குழு என்றால் பெரும்பாலும் ஒரு தபால் பெட்டி எண்தான். கடிதத்திலாவது ஒரு கையெழுத்து மிஞ்சும். போனில் பேசியது பேசியதோடு சரி.

புத்தகத்துக்கு நிதி தந்தவர்கள், இத்தனை வருடத்தில் எத்தனை பேருக்கு உதவினீர்கள் என்று எண்ணிக்கை கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே ஆள் ஆறு முறை பேசினாரா, ஆறு பேர் ஒரு முறை பேசினார்களா என்று அந்த நோட்டை வைத்துச் சொல்ல முடியாது. மிஸ்டு கால் வந்தால் திருப்பிக் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் கண்டிப்பான விதி. அந்தப் பக்கம் அப்பா எடுத்துவிட்டால்? அப்படி விட்டுப்போன அழைப்புகளுக்கு எந்தக் கணக்கும் இல்லை.

வரிகளை எண்ணிக்கொண்டே போனபோது ஒரு விஷயம் உறுத்தியது. குழுவின் பலகையில் ஆண், பெண் இரு தரப்பும் உண்டு. நோட்டிலோ 'பெ' என்ற எழுத்தைத் தேட வேண்டியிருந்தது. பெண்கள் கூப்பிடுவதில்லை என்றே நாங்கள் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தோம். எங்கள் ஹெல்ப்லைன் நேரம் மாலை ஏழு முதல் ஒன்பது. எந்த வீட்டில் அந்த நேரத்தில் ஒரு பெண் அடுப்படியை விட்டுத் தனியாக வந்து பேச முடியும்? மதியம் இரண்டு மணிக்கும் ஆள் போட்ட பிறகுதான் 'பெ' கூடியது. நேரத்தை வைத்தவர்கள் எல்லோரும் ஆண்கள். இதைப் புத்தகத்தில் எழுதினேன், சிலருக்குப் பிடிக்கவில்லை.

தீர்ப்புகளுக்கு நான் அதிக இடம் கொடுக்கவில்லை. தன்பாலுறவு குற்றமல்ல என்ற 2009 ஜூலை 2 டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு, அதைப் புரட்டிய 2013 டிசம்பர் 11 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கடைசியாகக் குற்றமல்ல என்றே உச்ச நீதிமன்றம் முடித்த 2018 செப்டம்பர் 6 எல்லாம் வேறு புத்தகங்களில் விரிவாக உண்டு. 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த தீர்ப்புக்கு மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்கினேன். காதலர்களான இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கு. தனக்கே தன்பாலீர்ப்பு புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு தீர்ப்பு எழுதியவர் அவர். அந்த ஈர்ப்பை மாற்றுகிறேன் என்று சொல்லிச் செய்யும் 'சிகிச்சை'யைத் தடுக்கவும் உத்தரவிட்டார். அந்தச் 'சிகிச்சை' எங்கள் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது: "மாத்திரை இருக்கா என்று கேட்டார்."

புத்தகம் அச்சுக்குப் போகும் சமயத்தில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்தார். 1999-இல் ஒரே ஒரு தடவை பேசினாராம். அந்த வரி இருக்கிறதா என்று பார்க்க ஆசை. அந்த வருட நோட்டைக் கொடுத்தேன். வெகுநேரம் விரலை வைத்து வைத்துப் படித்தார். அவராக இருக்கக்கூடிய வரிகள் நான்கு இருந்தன. "இந்த ஏழாம் நம்பர் யாரு சார்? அவர்தான்னு நினைக்கிறேன். ரொம்ப நேரம் பேசினார்" என்றார். எனக்கும் தெரியவில்லை.

அவர் சொன்ன கதையைப் புத்தகத்தில் சேர்க்கலாமா என்று கேட்டேன். "என் பேரோடயே போடுங்க, இனி என்ன பயம்" என்றார். மறுநாள் காலையில் போன் வந்தது.

"சார், பேர் வேணாம். பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம்."

சரி என்றேன். புத்தகத்தின் 31-ஆம் பக்கத்தில் அவர் "ஆ, 27" என்று இருக்கிறார்.