ரஷ் வாரம்: பெற்றோர் அறிய வேண்டிய கணக்கும் கையெழுத்தும்

அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவியர் சங்கங்களான சொராரிட்டிகள் ஆள் சேர்க்கும் வாரத்துக்கு ரஷ் என்று பெயர். அது தொடங்கிய இரண்டாம் நாள் காலையில் பல வீடுகளுக்கு அழுகையோடு போன் வரும். மகளுக்குப் பிடித்த சாப்டர்கள் (சொராரிட்டிகளின் வளாகக் கிளைகள், 'வீடு' என்றும் சொல்வார்கள்) அவளை அடுத்த சுற்றுக்கு அழைத்த பட்டியலில் இருக்காது. "நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா? டிரெஸ் சரியில்லையா? கலர் பார்த்துத் தள்ளிட்டாங்களா?" என்று கேட்பாள். கடைசிக் கேள்வியை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. அலபாமா பல்கலைக்கழக சொராரிட்டிகள் கறுப்பின மாணவிகளை ஒதுக்கியதை அந்த வளாகத்தின் மாணவர் பத்திரிகையே 2013-இல் அம்பலப்படுத்தியது. ஆனாலும் பெரிய வளாகங்களில் இரண்டாம் நாள் வெட்டுக்கு முதல் காரணம் எண்ணிக்கை. பெற்றோர் அந்தக் கணக்கைப் புரிந்துவைத்திருந்தால் அந்த போனில் உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும்.

நாடு தழுவிய இருபதுக்கும் மேற்பட்ட சொராரிட்டிகள் 1902-இல் உருவான நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸில் உறுப்பினர்கள். ரஷ் விதிகளின் அடிப்படை அங்கிருந்துதான் வருகிறது. ஒரு சாப்டர் அடுத்த சுற்றுக்கு எத்தனை பேரை அழைக்கலாம் என்பதை அந்தச் சாப்டர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. முந்தைய ஆண்டுகளில் அது அழைத்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று பார்த்து ரஷ்ஷை நடத்துபவர்கள் எண்ணிக்கையைத் தருகிறார்கள். கூப்பிட்டவர்கள் எல்லாரும் வரும் வீட்டுக்குக் குறைந்த அழைப்புகள், வரவு குறைந்த வீட்டுக்கு அதிகம். அதனால் பேர் பெற்ற வீடுகள் முதல் சுற்றிலேயே, பிடித்த பெண்கள் உட்பட, ஏராளமானவர்களைக் கழித்தாக வேண்டும். கடைசிச் சுற்றில் 600 பேர், சாப்டர்கள் 10 என்றால் சாப்டருக்கு ஏறக்குறைய 60 என்று கோட்டா விழும்.

இருபது, முப்பது நிமிடப் பேச்சை வைத்து இத்தனை பேரைக் கழிக்கும்போது, ஏற்கெனவே முகம் தெரிந்தவர்களே மிஞ்சுவார்கள். அம்மாவோ பாட்டியோ உறுப்பினராக இருந்தால் கிடைத்த சலுகையை 2020-க்குப் பிறகு பல சொராரிட்டிகள் எடுத்துவிட்டன. ஆனால் அதே ஊர்ப் பள்ளியில் இரண்டு வருடம் முன்னால் படித்த அக்காவின் அறிமுகத்தை எந்த விதி எடுக்கும்? அந்த அறிமுகம் இல்லாத குடும்பம், பெயர் பெற்ற மூன்று வீடுகளை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மகளை அனுப்பக் கூடாது.

சுற்றுகள் வழக்கமாக நான்கு: எல்லா வீட்டையும் பார்க்கும் ஓப்பன் ஹவுஸ், தொண்டுப் பணி பற்றிய சுற்று, சிஸ்டர்ஹுட், கடைசியாக பிரெஃபரன்ஸ். டெக்சாஸ், அலபாமா போன்ற இடங்களில் வகுப்பு தொடங்கும் முன் ஆகஸ்டிலேயே நடக்கும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜனவரி. ஆகஸ்ட் வெயிலில் நாள் முழுக்க வீடு வீடாக நடக்க வேண்டும், ஆகவே உடையைவிடச் செருப்புக்குத்தான் யோசிக்க வேண்டும். போட்டுப் பழகாத புது ஹீல்ஸ் முதல் மதியத்திலேயே காலைக் கடிக்கும். தண்ணீர், பிளாஸ்டர், கைவிசிறி, ஒரு ஸ்நாக் வைத்த பையை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பிரெஃபரன்ஸுக்கு மட்டும் நல்ல உடை போதும். காதல், குடி, மதம், பணம், அரசியல் ஐந்தையும் பேச்சில் தவிர்க்கச் சொல்லிக்கொடுப்பார்கள். சரியான அறிவுரை, உள்ளே இருப்பவர்களும் அதையேதான் தவிர்க்கிறார்கள்.

பெற்றோர் பலரும் கவனிக்காமல் விடுவது கடைசி நாள் கையெழுத்தைத்தான். பிரெஃபரன்ஸில் அநேகமாக இரண்டு வீடுகளுக்கு அழைப்பு வரும். அது முடிந்த கையோடு, யாரிடமும் கலந்து பேச அவகாசமில்லாமல், அவள் வீடுகளை வரிசைப்படுத்தி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவாள். எந்த வீட்டின் பெயரைப் போடுகிறாளோ, அங்கிருந்து பிட் (சேரும்படி முறையான அழைப்பு) வந்தால் சேரச் சம்மதம் என்பதுதான் அதன் பொருள். பிட் வந்த பிறகு வேண்டாம் என்றால், அந்த வளாகத்தில் அடுத்த ஆண்டு ரஷ் வரும்வரை இந்தக் கான்ஃபரன்ஸின் சொராரிட்டிகள் எதிலும் சேர முடியாது. ஒரே வீட்டை மட்டும் எழுதினால், அந்த வீடு எடுக்காதபோது கையில் ஒன்றும் மிஞ்சாது. வந்த அழைப்புகளை எல்லாம் ஏற்று, போன இரண்டு வீட்டையும் எழுதியவளுக்குக் கோட்டாவுக்கு மேலும் இடம் தர விதியில் வழி இருக்கிறது. இரண்டாவது வீட்டில் நிச்சயம் சேர மாட்டேன் என்றால் மட்டும் அதை எழுதாமல் விடலாம். கையெழுத்துக்கு முன்பே விலகினாலோ, எங்கும் பொருந்தாமல் போனாலோ, இடம் மிச்சமுள்ள சாப்டர்கள் பிறகு நேரடியாகக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும்.

இந்த வாரத்தில் கல்லூரி அலுவலகத்துக்கோ சாப்டருக்கோ பெற்றோர் போன் செய்வதால் ஒரு பலனும் இல்லை. அவளோடு நடக்கும் ரஷ் ஆலோசகரிடம் அவளே கேட்கட்டும்.

அடுத்தது பணம். ரஷ்ஷுக்குப் பதிவு செய்யும் முன்பே சாப்டர்வாரியான கட்டணப் பட்டியலைக் கேளுங்கள். வளாகத்துக்கு வளாகம் ஒரு பருவத்துக்குச் சில நூறு டாலரிலிருந்து பல ஆயிரம்வரை போகும். சேரும் கட்டணம், இனிஷியேஷன் சடங்கு, பேட்ஜ் எல்லாம் சேர்வதால் முதல் பருவ பில்தான் பெரும்பாலும் பெரியது. வீட்டில் தங்காதவர்களிடமும் கட்டிடக் கட்டணமும் சாப்பாட்டுக் கட்டணமும் வாங்கும் இடங்கள் உண்டு. சைவம் சாப்பிடும் பிள்ளை என்றால் சாலட்டைத் தவிர என்ன கிடைக்கும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டு அந்த வீட்டிலேயே தங்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்பதும் முக்கியம். பல கல்லூரி ஊர்களில் அடுத்த ஆண்டு லீஸை இலையுதிர் காலத்திலேயே எழுதிவிடுவதால், இரண்டு வாடகையில் மாட்டிக்கொள்ள நேரும். சந்தாவை 529 கணக்கிலிருந்து (படிப்புச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) கட்டாதீர்கள். அது தகுதியான செலவில் சேராது, வருமானப் பகுதிக்கு வரியோடு 10 சதவீத அபராதமும் வரும். அறை வாடகையும் சாப்பாடும் மட்டும், கல்லூரி போட்டிருக்கும் மதிப்பீட்டு வரம்புக்குள் செல்லும்.

பையன்களின் சங்கமான ஃப்ரட்டர்னிட்டியின் ரஷ்ஷில் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. சில நாள் வீடு வீடாகப் போவார்கள், பிடித்திருந்தால் பிட் கொடுப்பார்கள், பிறகு முழு உறுப்பினராகும் முன் சில வாரம் பிளெட்ஜ் என்ற சோதனைக் காலம். ஆபத்து இருப்பது அந்த வாரங்களில்தான்.

நம் தலைமுறைக்கு ராகிங் தெரியும். 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நாவரசு கொல்லப்பட்டதும் 1997-இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்ததும் நினைவிருக்கும். சேர வந்தவர்களை இம்சிக்கும் ஹேஸிங் அதிலிருந்து ஒரு விதத்தில் வேறு: உள்ளே சேர ஆசைப்பட்டுப் போன பிள்ளையே அதை மறைப்பான். "நம்ம பசங்க குழுதானே" என்ற ஆறுதலும் போதாது. டெல்டா எப்சிலான் சை, டெல்டா ஃபை ஒமேகா என்று 1998-இலிருந்து தெற்காசிய மாணவர்களுக்கான அமைப்புகள் இருக்கின்றன, பலருக்கு அவை நல்ல துணை. ஆனால் இத்தகைய சிறு குழுக்களில் சேர்க்கை ரகசியமாக நடப்பது வழக்கம். 2013-இல் நியூயார்க் பாருக் கல்லூரி மாணவர் ஒருவரை ஓர் ஆசிய அமெரிக்க ஃப்ரட்டர்னிட்டி பொக்கோனோ மலைக்குக் கூட்டிப்போய், கண்ணைக் கட்டி, மணல் நிரப்பிய பையை முதுகில் ஏற்றி, மோதித் தள்ளியது. மயங்கியவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. அவர் இறந்துபோனார்.

2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டப்படி, எந்த அமைப்பு ஹேஸிங் விதியை மீறியது என்ற அறிக்கையைக் கல்லூரிகள் தம் இணையதளத்தில் போட வேண்டும். சாப்டர் பெயரை அதில் தேடுங்கள். கல்லூரியின் அங்கீகாரப் பட்டியலிலும் பெயர் இருக்கிறதா பாருங்கள். அங்கீகாரம் இழந்த பிறகும் அதே பெயரில் ஆள் சேர்க்கும் குழுக்கள் உண்டு.

தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய இரவு ஒன்று இருக்கிறது. புதியவருக்கு மூத்தவர் ஒருவரைத் துணையாக அறிவிக்கும் பிக்-லிட்டில் இரவு. 2021-இல் ஒஹாயோவின் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்திலும் ரிச்மண்டின் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்திலும் மாணவர்கள் இறந்தது இந்த நிகழ்ச்சியில் கொடுத்த மதுவால்தான். மயங்கியவனை "தூங்கினா சரியாயிடும்" என்று அறையில் விட்டுப் போகக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே இருந்து, 911-ஐ அழைக்க வேண்டும். 21 வயது ஆகாமல் குடித்ததற்கு வழக்கு வருமே என்ற பயத்தில்தான் பிள்ளைகள் போனை எடுக்கத் தயங்குகிறார்கள். உயிரைக் காக்க உதவி கேட்டவருக்கு அந்த வழக்கிலிருந்து பாதுகாப்புத் தரும் சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது. உங்கள் பிள்ளை படிக்கும் மாநிலத்தின் சட்டத்தைத் தேடி எடுத்து அவனுக்கு அனுப்பிவையுங்கள்.