பூப்பாறை ஜீப்பின் பின் ஆக்சிலில் பவர்லாக்

தென்மேற்குப் பருவமழையில் பூப்பாறையின் (கேரளத்தின் இடுக்கி மாவட்டம்) ஏலத்தோட்டச் சாலை சேறாகிவிட்டால், சாதாரண டிஃபரன்ஷியல் (வளைவில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுப்பு) உள்ள பழைய ஜீப், முன்னும் பின்னும் ஒவ்வொரு சக்கரம் வெறுமனே சுழல, நான்கு சக்கர இழுவை இருந்தும் நின்றுவிடுகிறது. எங்கள் சிஜே-3பி ஜீப்பின் பின்புறம் டானா 44 ரக ஆக்சில் உள்ளது. அதற்குப் பொருந்தும் பழைய பவர்லாக் (ஒரு சக்கரம் வழுக்கினாலும் மறுசக்கரத்துக்கு இழுவை தரும் கிளட்ச் வகை டிஃபரன்ஷியல்) ஒன்றைப் புதிய கிளட்ச் பிளேட்டுகளுடன் புதுப்பித்து மழைக்கு முன் பொருத்தினோம். என்ஜினின் இழுவை கூடக்கூட, உள்ளே குறுக்கும் நெடுக்குமாக அமைந்த இரண்டு தண்டுகள் கேஸின் (டிஃபரன்ஷியல் கூட்டின்) சரிவான பள்ளங்களில் ஏறி, இருபுறமும் உள்ள பிளேட்டுகளை அழுத்துகின்றன. பிடி அவ்வாறுதான் கிடைக்கிறது.

இந்த வேலையில் நான் வலியுறுத்துவது, கழற்றும் முன் அளக்க வேண்டும் என்பதையே. கிரௌனும் (கேஸில் பொருத்திய பெரிய பற்சக்கரம்) பினியனும் (அதைச் சுழற்றும் சிறிய பற்சக்கரம்) சேர்ந்து ஓடித் தேய்ந்து ஒன்றுக்கொன்று பொருந்தியவை. ஆகவே பழைய பேக்லாஷை (இரண்டின் பற்களுக்கும் இடையிலான இடைவெளியை) டயல் கேஜால் அளந்து, பற்களில் மார்க்கிங் சாயம் பூசி அது படியும் இடத்தைக் குறித்துக்கொண்டால், புதிய கேஸை அதே நிலைக்குக் கொண்டுவர முடியும். பினியனின் பேரிங்குகள் நன்றாக இருந்தால் அதன் ஆழத்தைத் தொடவே கூடாது. மாறுவது கேஸ் மட்டும் என்பதால், சரிசெய்ய வேண்டியதும் கிரௌன் நிற்கும் இடம் மட்டுமே.

டானா 44-இல் பக்கவாட்டு ஷிம்கள் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) பேரிங்குக்கும் கேஸுக்கும் இடையில் இருப்பதால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பேரிங்கைப் புல்லரால் இழுக்க நேரிடும். அதைத் தவிர்க்க, போடிநாயக்கனூர் லேத் பட்டறை ஒன்றில் பழைய பேரிங்குகளின் உள்துளையைச் சிறிது தேய்த்துக் கையால் போட்டுக் கழற்றும்படி செய்துகொண்டோம். இதைவிடப் பயனுள்ள கருவி இந்த வேலைக்கு இல்லை என்பது என் கருத்து. ஒரு பக்கத்து ஷிம்மை எடுத்து மறுபக்கம் சேர்த்தால், மொத்தம் மாறாமல் கிரௌன் பினியனை நெருங்கும் அல்லது விலகும். எங்கள் பேக்லாஷ் 0.005 அங்குலத்தில் நின்றது. கிரௌனைச் சுற்றிப் பல இடங்களில் அளந்து பார்த்த பிறகே புதிய பேரிங்குகளை அழுத்திப் பொருத்தினோம்.

பிளேட்டுகளைப் பொருத்தும் முன்பே கியர் ஆயிலில் ஊறவைத்திருந்தோம். நிரப்பிய ஆயிலில் கிளட்ச் வகை டிஃபரன்ஷியலுக்கான ஃபிரிக்‌ஷன் மாடிஃபையரும் (பிளேட்டுகள் அதிராமல் வழுக்க உதவும் சேர்மானம்) சேர்த்தோம். பிறகு காலி மைதானத்தில் எட்டு வடிவில் மெதுவாக ஓட்டிப் பிளேட்டுகளைப் படியவைத்தோம். பிடியை மேலும் இறுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். போடிமெட்டிலிருந்து இறங்கும் ஈரமான கொண்டை ஊசி வளைவுகளில், மிக இறுகிய பின் ஆக்சில் வண்டியைத் திருப்ப விடாமல் நேராகத் தள்ளும் என்பதால் நான் ஒப்பவில்லை.

இதைப் பொருத்துவோர் ஒரே ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, என்ஜினை ஓடவிட்டுக் கியரைப் போடவே கூடாது. தரையிலுள்ள சக்கரம் இழுத்து வண்டி பாய்ந்துவிடும். பின் டயர்கள் இரண்டும் ஒரே அளவிலும் ஒரே தேய்மானத்திலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நேர்ச்சாலையிலும் பிளேட்டுகள் ஓயாமல் உரசித் தேய்ந்துவிடும்.